மேல் தட்டில் ஒரு கட்டைவிரல்

மார்ச் 4, திங்கள்

இன்று பட்டறைக்குப் பழுதான ஹார்ட் டிரைவ் இரண்டு வந்தன. ஒன்று சமர்த்தாக ஓடியது. மதியத்துக்குள் நகல் எடுத்து முடித்தாயிற்று. மற்றது ஒரு கல்யாண வீடியோக்காரருடையது. "யாரும் திறக்கலைங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூடியின் ஆறு திருகுகளில் இரண்டின் விளிம்பு புதிதாகப் பளபளக்கிறது. யார் திறந்தது என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை, மச்சான் என்றார். எப்போதும் ஒரு மச்சான் இருப்பான்.

அவர் போனதும் தும்மல் சொன்னார்: "மேடம், நீங்க கேக்கற தோரணைல நானே எதையாவது ஒத்துக்கலாமான்னு தோணுது."

தும்மல் என் தொழில் பங்காளி. ஆறு வருஷத்துக்கு முன் திறந்து வைத்திருந்த ஒரு டிரைவுக்கு நேர் எதிரே நின்று தும்மினார். பெயரும் வந்தது, தூசி புகாத கண்ணாடி அறைக்குள் வருவதும் நின்றது. தடை நான் போட்டதல்ல, அவரே போட்டுக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து திறப்பது, ஹெட் மாற்றுவது என் வேலை. வெளியே கணினியில் பொருத்தி, உள்ளிருப்பதை வழித்தெடுப்பது அவர் வேலை.

தோரணை. வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறேனா?

சாயங்காலம் குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். உள்ளே கண்ணாடித் துண்டுகள். இரண்டு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த வாணலி மூடி. கணவரிடம் கேட்டேன். "எந்த மூடி?" என்றார், தொலைக்காட்சியைப் பார்த்தபடி. இருபது வருஷமாக இந்த மனிதர் எதையும் உடைத்ததில்லை. இந்த வீட்டில் பொருள்கள் தாமாகக் காணாமல் போகின்றன.

மார்ச் 6, புதன்

நாத்தனார் வந்தாள். வீட்டுக்கல்ல, பட்டறைக்கு. முன்கூட்டி ஒரு போன் கூட இல்லை. ஒரு துண்டு ஃபிளானல் துணியில் டிரைவைச் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள்.

"மேஜைலேர்ந்து கீழ விழுந்துடுச்சு அண்ணி. அதுலேர்ந்து டிக்டிக்னு சத்தம். அவ்வளவுதான். யாரும் தொடலை."

கடையில் தொங்கும் எந்த அளவும் பொருந்தாத உடம்புகளுக்கு உடை தைப்பவள் அவள். ஒரு தோள் ஏறியவர்கள், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர்கள், முழங்கைக்குக் கீழே இல்லாதவர்கள். ஒவ்வொருவரையும் அளந்து, துணி வெட்டும் பேட்டர்னாகக் கணினியில் வரைந்து வைத்திருக்கிறாள். பதினோரு வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். "அந்த உடம்பெல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள்.

அவசரமாக வேண்டியது ஒன்று. வளைந்த முதுகைத் தாங்க பிரேஸ் போட்டிருக்கும் ஒன்பது வயதுப் பெண். ஏப்ரல் முதல் நாள் புதுப் பள்ளிக்கூடம். சீருடை தைக்க வேண்டும். அந்தக் குழந்தை யாரையும் தொட விடாது. சென்ற முறை அளவெடுக்கவே மூன்று நாள் ஆனதாம். அதற்குப் பிறகு ஒரு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் இருப்பவள் முன்னால் மறுபடி டேப்பை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது என்றாள்.

ஹெட் என்றால் என்ன என்று கேட்டாள். தட்டு சுழலும், அதன் மேல் ஹெட் தொடாமல் பறந்தபடி படிக்கும், அந்த இடைவெளியில் ஒரு தூசி கூட நுழைய முடியாது என்றேன். விழுந்த அதிர்ச்சியில் ஹெட் வளைந்திருக்கலாம். அதே ஜாதி டிரைவ் இன்னொன்றைத் தேடி, அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும்.

"காலர் மாத்தற மாதிரி."

"ஆமா. ஆனா மூச்சு பட்டாலே சட்டை போயிடும்."

சிரிக்கவில்லை. நான்கு வருஷமாக என்னிடம் அவள் சிரிப்பதில்லை. அன்று அவள் போன் தொலைந்து படங்களெல்லாம் போனபோது, சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் நான் சொன்னது: "நகல் எடுத்து வைக்காதவங்களுக்கு அழற உரிமை கிடையாது." வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். அவளிடமும் வந்துவிட்டது. அன்றிலிருந்து "சரிங்க அண்ணி", "ஆமாங்க அண்ணி". முன்பு அந்த "ங்க" இருந்ததில்லை.

வீட்டு ஆட்களின் டிரைவை எடுப்பதில்லை என்று எனக்கும் தும்மலுக்கும் ஒரு சட்டம் உண்டு. கை நடுங்கும், நியாயம் வளையும் என்பதற்காக. தும்மல் என்னைப் பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் அழுதிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. அழவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

மார்ச் 7, வியாழன்

மின்சாரம் கொடுத்தேன். நான்கு வினாடி.

வழக்கம் இதுவல்ல. முதலில் லென்ஸில் திருகுகள். பிறகு புகைப்படம். பிறகு கண்ணாடி அறையில் மூடியைத் திறந்து தட்டுகளைப் பார்ப்பது. எல்லாம் சுத்தம் என்று கண்ணால் கண்ட பிறகுதான் மின்சாரம். யார் வந்து சத்தியம் செய்தாலும் இந்த வரிசை மாறாது. இன்று மாறியது. அவள்தான் சொன்னாளே, யாரும் தொடவில்லை என்று. வீட்டு ஆளை லென்ஸ் வைத்துப் பார்ப்பதா என்று ஒரு கூச்சம். விழுந்த டிரைவ் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சுழன்றது. டிக் என்று எதிர்பார்த்தேன். அதற்கு முன்னால் 'ஸ்ஸ்' என்று மெல்லிதாக ஒன்று, பாலித்தீன் பையை நகத்தால் இழுப்பது போல. பிடுங்கிவிட்டேன்.

தும்மல் சாப்பிடப் போயிருந்தார்.

மார்ச் 8, வெள்ளி

திறந்தேன். மேல் தட்டில் ஒரு கைரேகை. இன்று வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

மார்ச் 9, சனி

எழுதிவிடுகிறேன்.

பின்பக்க ஸ்டிக்கரின் ஒரு மூலையில் காற்றுக் குமிழ். யாரோ உரித்து ஒட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் ஒளிந்திருக்கும் ஏழாவது திருகின் விளிம்பு பளபளக்கிறது. வியாழக்கிழமை ஒரு நிமிஷம் லென்ஸைக் கையில் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மேல் தட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், முத்திரை குத்தியது போல். ரேகைகளின் குறுக்கே சாய்வாக ஒரு வெற்றுக்கோடு. வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு. ரேகைக்குள்ளேயே புகுந்து, தட்டைச் சுற்றி, தலைமுடி அளவில் ஒரு வளையக் கீறல்.

ஒரு விரல் எண்ணெய் ஹெட்டுக்கு மலை. பறந்து வந்து மோதியிருக்கிறது.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். வீடு மாறிய வருஷம், தகர டப்பாவைத் திருப்புளியால் திறக்கப் போய் வந்தது. மூன்று தையல். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இன்று காலை அதே கட்டைவிரல் டீக்கோப்பையின் காதைப் பிடித்திருந்தது. "என்ன பாக்கற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆக, தங்கை அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணன் போய்த் திறந்திருக்கிறார். விரல் பட்டதும் மூடி, ஸ்டிக்கரை ஒட்டி, என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். வாணலி மூடியைப் பொட்டலம் கட்டிய அதே சாமர்த்தியம். எப்போதும் ஒரு மச்சான் இருப்பான் என்று எழுதியிருக்கிறேன், ஐந்து நாள் முன்பு, இதே நோட்டில். என் வீட்டில் கணவர்.

திறந்த பிறகு அவரே இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்திருப்பார். எல்லாரும் போட்டுப் பார்ப்பார்கள். கீறல் அப்போது வந்ததாகத்தான் இருக்கும்.

இருக்கும்.

மார்ச் 11, திங்கள்

ஹெட்டுக்கு ஜோடி தேடும் படலம். மாடல் ஒன்றாக இருந்தால் போதாது. தொழிற்சாலை, மாதம், உள்ளே எத்தனை ஹெட், எல்லாம் பொருந்த வேண்டும். தும்மல் ஜாதகம் பார்ப்பது என்பார். அலமாரியில் மூன்று இருந்தன, இரண்டு பொருந்தவில்லை. மூன்றாவது பதினேழு நாள் வித்தியாசத்தில் பிறந்தது. நான்கு ஹெட்டும் நன்றாக இருக்கின்றன. எடுத்துக்கொண்டோம்.

கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவரும் கேட்பார்.

மார்ச் 13, புதன்

ஹெட் மாற்றினேன்.

முதலில் ரேகை. புகைப்படம் எடுத்துவிட்டுத் துடைத்தேன். நூல் பிரியாத துணி, திரவம், உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் புதுத் துணி. பதினெட்டுத் துணி. பாதியில் அந்தத் தழும்புக்கோடு மட்டும் கொஞ்சம் நின்றது. பிறகு அதுவும் போனது. கீறல் போகவில்லை. கீறல் போகாது.

காந்தத்தின் மேல் மூடியைக் கழற்றி, சீப்பை நுழைத்தேன். சீப்பு என்பது நாங்கள் வைத்த பெயர். ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இடையில் பல்லாக நிற்கும் ஒரு சின்னத் தகடு. அதைப் பிடித்தபடியே, ஹெட்டுகளைத் தாங்கும் கரத்தைச் சுழற்றி, தட்டுக்கு வெளியே கொண்டு வந்து தூக்க வேண்டும். மூச்சை உள்ளே வைத்துக்கொள்வேன். பழையது வெளியே வந்தது. லென்ஸில் பார்த்தால் மேல் ஹெட் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. புதியதை அதே வழியில் உள்ளே. சீப்பை உருவும் நேரம்தான் ஆபத்து. நான்கு ஹெட்டும் தங்கள் மேடையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த பிறகு மூச்சு விட்டேன்.

கை நடுங்கவில்லை. சட்டம் போட்டது தப்பு. நடுங்குவது கை இல்லை.

மார்ச் 15, வெள்ளி

ஓடுகிறது. தும்மலிடம் சொல்லிவிட்டேன், கீழ் மூன்று ஹெட் படிப்பதை முதலில் முழுதாக எடுங்கள், மேல் ஹெட்டைக் கடைசியில் தொடுங்கள் என்று. அது கீறலில் இறங்கினால் எல்லாம் போய்விடும்.

தட்டுகளின் கீழ் மூன்று முகங்களும் சுத்தமாக வந்துவிட்டன. மேல் முகத்தில், வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எட்டிய மட்டும். வளையத்தை விட்டுவிட்டோம்.

"கீறல் வர்றப்பவே இருந்துச்சா?" என்று தும்மல் கேட்டார், திரையைப் பார்த்தபடி, சும்மா.

ஆமாம் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

அறுநூற்றுப் பன்னிரண்டில் ஐந்நூற்று எழுபத்தொன்று. பிரேஸ் போட்ட பெண்ணின் பேட்டர்ன் முழுதாக இருக்கிறது; திறந்து பார்த்தேன். ஒரு சின்ன முதுகு, ஒரு பக்கம் ஆற்று வளைவு போல. அதற்கு ஏற்றபடி வளைத்து வெட்டிய துணியின் கோடு. நாத்தனார் எவ்வளவு கெட்டிக்காரி என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

மீதி நாற்பத்தொன்றுக்குப் பெயர் மட்டும் வந்திருக்கிறது, உள்ளே வெறும் பூஜ்யம். அந்தப் பட்டியலைப் படித்தேன். சக்கர நாற்காலி வாத்தியார். இரட்டையர் இளையவன். மீன்கடை அக்கா. முப்பத்தேழாவது: அண்ணி.

நான்கு வருஷத்துக்கு முந்திய தேதி. எனக்கு ஒரு வேலைக்கோட்டு தைத்துத் தருவதாக ஒரு நாள் டேப்போடு வந்தாள். நான் நேரமில்லை, நேரமில்லை என்று நின்றபடியே அளவு கொடுத்தேன். அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேஜை. கோட்டு வரவில்லை. அளவை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

அறிக்கையில் எழுதினேன்: "மேல் தட்டில் கீறல். டிரைவ் எங்களிடம் வரும்போதே இருந்தது." கையெழுத்துப் போட்டு, கிடைத்தவற்றோடு நாத்தனாருக்கு அனுப்பினேன்.

மார்ச் 19, செவ்வாய்

நாத்தனார் போனில் அண்ணனிடம் பேசியிருக்கிறாள். குழந்தையின் பேட்டர்ன் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்குப் பாரம் இறங்கிவிட்டது போலிருக்கிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றார்.

"அதை நான்தான் திறந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

ஈரக் கையோடு அவர் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், வேறு யாருடையதோ போல.

"உனக்குத் தெரிஞ்சா நீ எப்படிக் கேப்பேன்னு தெரியும். அதான் அவளையும் சொல்ல வேண்டாம்னேன். விரல் பட்டதும் பயந்துட்டேன். அப்பவே மூடிட்டேன்."

எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது. அதே தோரணை.

"போடவே இல்லை. கரண்டே குடுக்கலை. அவ வீட்டு ஒயரைக்கூட நான் தொடலை."

தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, புதன்

அப்போ அந்த வளையம் என்னுது. நாலு செகண்ட். நாற்பத்தொரு பேர்.

அவ பொய் சொல்லலைன்னா நான் போட்டிருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவளா இல்லைன்னா அவ பொய் சொல்லியிருக்க மாட்டா. அவர் தொடாம இருந்தா — போதும். இப்படியே பின்னால போயிட்டே இருக்கலாம். ஆனா சுவிட்சைப் போட்டது என் விரல். அதுக்கு ரேகை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும்தான் பொட்டலம் கட்டி அடியில் வைத்திருக்கிறேன். கையெழுத்தோடு.

மார்ச் 24, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். தனியாக.

முன்னறை முழுக்க வெட்டும் மேஜை. சுவரில் கத்தரிகள் அளவு வாரியாகத் தொங்குகின்றன. சீருடை பாதி தைத்து, துணி மாட்டிப் பார்க்கும் பொம்மை மேல் நின்றது; பொம்மைக்கு முதுகில் பஞ்சு வைத்துக் குழந்தையின் வளைவைக் கட்டியிருந்தாள். காணாமல் போன நாற்பத்தொரு பெயரையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். சிலருக்குப் பக்கத்தில் போன் எண். என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"வந்துட்டீங்க. நில்லுங்க, ஒரு பேர் குறையும்" என்று டேப்பை எடுத்தாள். வாயில் குண்டூசிகள்.

கையைத் தூக்கச் சொன்னாள். தோளிலிருந்து தோள். அளவுகளை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து எழுதினாள். "இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. முன்னாடி இல்லையே."

குனிந்தே உட்கார்ந்திருக்கும் தோள் என்றேன். பிறகு, அவள் என் முதுகுப் பக்கம் இருந்தபோது, முகத்தைப் பார்க்க வேண்டியிராத அந்த நேரத்தில் சொன்னேன்:

"அந்தக் கீறல் வர்றப்ப இல்லை. திருகைப் பாக்காம நான் கரண்ட் குடுத்தேன். அதுல வந்தது."

டேப் நின்றது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மணிக்கட்டு மெத்தையில் குத்தும் சத்தம்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு செகண்ட்."

"அண்ணன்தான் கெடுத்துட்டார்னு ஒரு வாரமா அவரைத் திட்டிட்டு இருக்கேன்."

"அவர் பங்கும் இருக்கு. ஆனா கீறல் என்னுது. அறிக்கைல பொய் எழுதிட்டேன்."

டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். வெளியே ஏதோ வண்டி பின்னால் எடுக்கும் சத்தம். பிறகு முன்னால் வந்து நின்று, நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"நாப்பத்தொரு பேர் அண்ணி. இப்பவாவது எனக்கு அழற உரிமை இருக்கா?"

நான்கு வருஷமாக வைத்திருந்து கேட்கிறாள். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது, உன்னிடம் சொல்லியிருக்கவே கூடாது என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதது நான். அவள் அழவில்லை. டேப்பை மறுபடி இடுப்பில் சுற்றினாள்.

"மூச்சை விடு அண்ணி. இப்படிப் பிடிச்சா அளவு தப்பா வரும்."

விடு என்றாள். விடுங்க இல்லை.

மார்ச் 25, திங்கள்

அறிக்கையைத் திருத்தினேன்: "மேல் தட்டில் கைரேகை இருந்தது. முதற்கட்டப் பரிசோதனையைச் செய்யாமல் எங்கள் பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுக்கப்பட்டது. கீறல் அதனால் ஏற்பட்டது." தும்மலிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். இதைப் பார்த்தால் நாளைக்கு யார் நம்மிடம் வருவார்கள் என்று கேட்டார். தன் பெயருக்கு நேரே கையெழுத்தும் போட்டார்.

"என் தும்மலுக்கு ஒரு துணை கிடைச்சுது" என்றார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு சிறுமி, பின்பக்கத்திலிருந்து. புத்தகப் பை. முதுகில் சீருடை ஒரு சுருக்கமில்லாமல் விழுகிறது. பிரேஸ் இருப்பதே தெரியவில்லை.

கீழே: "நாப்பத்தொன்னுல இருபத்தாறு பேரைப் பிடிச்சுட்டேன். ரெண்டு டிரைவ்ல வெச்சிருக்கேன். தும்மல் சார்கிட்ட சொல்லிடு."

வரும் வாடிக்கையாளர்களிடம் கேள்வியை மாற்றிப் பார்க்கிறேன். யார் திறந்தது என்பதற்குப் பதிலாக, இதுவரைக்கும் என்னென்ன ஆச்சு, சொல்லுங்க. இன்று வந்தவர் உட்கார்ந்ததும் தானாகச் சொன்னார், ஹேர் டிரையர் வைத்துக் காய வைத்தேன் என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கோட்டு வந்தது. இடது தோளில் மெல்லிய ஒரு மடிப்பு கொடுத்திருக்கிறாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் இரண்டு தோளும் சமமாக இருக்கின்றன.

மதியம் மாடியிலிருந்து இறங்கினால் சாப்பாட்டு மேஜையின் நடுவில், வெள்ளைத் தாள் விரித்து, என் நீலக் கோப்பை. ஐந்து துண்டு. காது தனியாக. எல்லாத் துண்டையும் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் அவர் நிற்கிறார்.

"கை நழுவிடுச்சு."

எப்படி என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் விரல்களைப் பார்த்தேன்.

"எங்கயாவது கிழிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.